எண்ணெய்த் தூக்கில் நான் ஊற்றியது

எங்கள் வீட்டில் எண்ணெய் சமையல் மேடைக்கு அடியில் இருக்கும். மூலையில் பெரிய டின், அதன் பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. டின்னிலிருந்து தூக்கில் ஊற்றி வைத்துக்கொண்டு, தூக்கிலிருந்து மொண்டு சமைப்பாள் என் மனைவி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்தத் தூக்கை நான் தொட்டதில்லை. போன ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் முதல்முறையாக அதன் மூடியைத் திறந்தேன். ஆனால் அதற்கு ஆறு வாரம் முன்னால் வந்த ஒரு காகிதத்திலிருந்து ஆரம்பித்தால்தான் நான் ஏன் திறந்தேன் என்று புரியும்.

அது என் பெண்ணின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். அவளுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒல்லியான பெண்; பள்ளிக்கூடப் பையை மாட்டினால் பைதான் அவளை இழுத்துக்கொண்டு போவது போலிருக்கும். அவளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று அந்தக் காகிதம் சொன்னது. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அந்த நட்சத்திரத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அவளுக்குப் பரிசோதனை செய்யக் காரணம் என் அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்தாறு வயதில், காலையில் பல் விளக்கிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இதயம். அதற்கப்புறம் என்னைப் பரிசோதித்தார்கள், எனக்கும் ஜாஸ்தி, மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான்தான் தள்ளிப்போட்டேன். இந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"பயப்படாதீங்க சார். மூணு மாசம் சாப்பாட்டைப் பாத்துக்குங்க. எண்ணெய்ல பொரிச்சது, பேக்கரி ஐட்டம் கம்மி பண்ணுங்க. சாயங்காலத்துல நடக்கச் சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சி மறுபடி பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா மாத்திரையைப் பத்தி யோசிக்கலாம்."

அவர் சொன்னது இவ்வளவுதான். என் காதில் விழுந்தது எண்ணெய் என்ற வார்த்தையும் மாத்திரை என்ற வார்த்தையும். எந்த எண்ணெய் என்று அவர் சொல்லவில்லையே என்று பஸ்ஸில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். திருவண்ணாமலையிலிருந்து தினம் போய்வருகிறேன். அந்த ஆறு வாரமும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து எண்ணெய் வீடியோ பார்ப்பதுதான் வேலை. வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் ரீஃபைண்ட் எண்ணெய் விஷம் என்பார். அடுத்த வீடியோவில் அதே மாதிரி கோட் போட்ட இன்னொருவர், செக்கு எண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும், பொரிக்க ரீஃபைண்ட்தான் சரி என்பார். மூன்றாவது ஆள் இரண்டு பேரையும் திட்டிவிட்டு நெய்யில் பொரிக்கச் சொல்வார். இரண்டு பஸ் நிறுத்தத்துக்குள் மூன்று எண்ணெய் மாறிவிடும். கணக்கில் இப்படியெல்லாம் நடக்காது. ஒரு கணக்குக்கு மூன்று பேர் மூன்று விடை சொன்னால் இரண்டு பேருக்காவது தப்பு போடலாம். இங்கே மூன்று பேருக்கும் லட்சக்கணக்கில் ஆள் கை தட்டுகிறார்கள்.

ஆசிரியர் அறையில் கேட்டால் இன்னும் மோசம். தமிழய்யா நல்லெண்ணெய் என்றார், அவர் வீட்டில் அப்பளம்கூட அதில்தான். விலங்கியல் டீச்சர் ஆலிவ் எண்ணெய் என்று சொல்லிவிட்டு, அதில் பொரிக்கலாமா என்று கேட்டதற்கு, "அது தெரியல சார், நாங்க சாலட்டுக்குத்தான்" என்றார். அவர்கள் வீட்டில் சாலட் செய்வார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதில் என் மனைவியின் பக்கம் ஒன்று உண்டு. அவள் பிறந்த வீடு கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவள் அண்ணன் மல்லாட்டை போடுகிறார். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சித்திரை அறுவடை முடிந்து காயவைத்து உடைத்ததும், வீட்டுக்கென்று ஒதுக்கியதை மூட்டையாகக் கட்டி மில்லுக்குக் கொண்டுபோய், பக்கத்திலேயே நின்று ஆட்டி, தங்கச்சி வீட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு டின் கொண்டுவந்து இறக்குவார். அது வெறும் எண்ணெய் இல்லை. அதில் குறை சொன்னால் அவர்கள் நிலத்தைக் குறை சொன்னதாகும், அண்ணனைக் குறை சொன்னதாகும்.

நான் முதலில் ஒரு சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட் வாங்கிவந்து மேடைமேல் வைத்தேன்.

"இது இன்னாது?"

"எண்ணெய். லைட்டா இருக்கும். பாப்பாவுக்கு இதுல செய்."

"சரி."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று சந்தோஷப்பட்டேன். நாலு நாள் கழித்துப் பாக்கெட் எங்கே என்று கேட்டேன்.

"வாசல் கேட்டோட கீலுக்கு விட்டேன். சத்தம் நின்னுடுச்சி பாருங்க."

அடுத்தது தவிட்டு எண்ணெய். அதைப் பிரிக்கவே இல்லை. "தவுடு மாட்டுக்கு வெக்கறது. நம்ம மல்லாட்டைய வித்துட்டு மாட்டுத் தீவனத்துல பொரிக்கச் சொல்றீங்க," என்றாள். பிறகு ஒருநாள் நான் ரொம்ப நேரம் பேசினேன், வீடியோவெல்லாம் காட்டினேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எது எண்ணெய்னு அப்பறம் பாத்துக்கலாம். டாக்டர் பொரிக்கறதக் கம்மி பண்ணச் சொன்னாரு. நான் பொரிக்கறதயே நிறுத்திட்டேன். நீங்க எண்ணெய மட்டும் விடவே மாட்றீங்க," என்றாள்.

அது உண்மை. அப்பளத்தைத் தீயில் சுட்டுக்கொண்டிருந்தாள். வாழைக்காயை வேகவைத்துப் புரட்டினாள். என் பெண்ணும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பெண் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பேன். கொஞ்ச நேரம் ஜாஸ்தி தூங்கினால் போய் நின்று பார்ப்பேன். ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் நிம்மதி என்று ஆகிவிட்டது. பொரிக்காமல் இருப்பது செய்கிற வேலை இல்லையே, செய்யாமல் இருப்பது. எண்ணெய் வாங்குவது ஒரு வேலை.

ஆடி அமாவாசை வந்தது. அண்ணனுக்குப் படையல். எங்கள் வீட்டில் படையலுக்கு வடை இல்லாமல் இலை போடுவதில்லை. அதிலும் அவனுக்கு உளுந்து வடை என்றால் உயிர்.

"வடை வேணாமே," என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்க அண்ணனுக்குதான் படைக்கறோம். அவருக்கு வடை இல்லாம வெறும் சோத்தப் போடச் சொல்றீங்களா? வருஷத்துல ஒரு நாளு. பாப்பா ரெண்டு சாப்டா ஒண்ணும் ஆயிடாது."

"சரி, ஆனா எண்ணெய்..." என்று இழுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று பள்ளி முடிந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிற கடை ஒன்றுக்குப் போனேன். சிறுதானியம், பனங்கற்கண்டு, கண்ணாடி பாட்டிலில் செக்கு எண்ணெய்கள். பொரிக்க எது நல்லது என்று கேட்டேன். கடையிலிருந்த தம்பி யோசிக்கவே இல்லை. "தேங்காய் எண்ணெய்தான் சார். எவ்ளோ ஹீட் ஆனாலும் தாங்கும். எங்க கஸ்டமர் எல்லாம் இதான்." அன்று காலை பஸ்ஸில் பார்த்த வீடியோவும் அதையேதான் சொல்லியிருந்தது. ஆறு வாரத்தில் இரண்டு பேர் ஒரே விடை சொன்னது அதுதான் முதல்முறை. ஒரு லிட்டர் வாங்கினேன்.

வீட்டில் யாருமில்லை. இரண்டு பேரும் வாழையிலையும் பூவும் வாங்கப் போயிருந்தார்கள். மேடைக்கு அடியிலிருந்து தூக்கை இழுத்து மூடியைத் திறந்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே மல்லாட்டை எண்ணெய் இருந்தது. முழுக்க மாற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். கலந்துவிட்டால் மல்லாட்டை வாசனையில் இது தெரியாது. பாதிக்குப் பாதி என்றால் கெடுதலும் பாதிதானே என்று கணக்குப் போட்டேன். பாட்டிலை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கலக்கி, விளிம்பைத் துடைத்து, மூடிவைத்தேன். காலி பாட்டிலை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டேன். அன்று ராத்திரி, ரொம்ப நாளைக்கப்புறம், நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மனைவி குளித்து மடியாகப் பாயசம் கிளறிக்கொண்டிருந்தாள். பெண் பக்கத்து அடுப்பில் வடை சுட நின்றாள். பெரியப்பாவுக்கு நான்தான் சுடுவேன் என்று அவளே கேட்டு வாங்கிய வேலை. நான் வாசற்பக்கம் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தேன், காது மட்டும் சமையல்கட்டில்.

"இன்னாடி, தேங்கா எண்ணெ வாசன வருது?" என்றாள் மனைவி.

"தலைக்கு வெச்சேம்மா."

"நல்ல நாள்ல இவ்ளோவா வெச்சிக்கினு வருவ, வழியுது பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையிலேயே சிரித்தேன்.

முதல் ஈடு, நாலு வடை போட்டாள். வழக்கமான சத்தம் வந்தது. அப்புறம் அந்தச் சத்தம் அமுங்கிப் புஸ்ஸென்று வேறு மாதிரி ஆனது. "அம்மா, இது பொங்குது," என்றாள். நான் எழுந்து பார்த்தபோது வாணலி முழுக்க வெள்ளை நுரை, பால் பொங்குகிற மாதிரி மேலே மேலே வந்துகொண்டிருந்தது. அவள் ஜல்லிக்கரண்டியால் வடையை எடுக்கப் பார்த்தாள். நுரையில் வடை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அடுப்பைக் குறைக்கக் குனிவதற்குள் விளிம்பைத் தாண்டி வழிந்தது. வழிந்த எண்ணெய் பர்னரில் பட்டதும் வாணலியைச் சுற்றித் தீ எழுந்தது.

பால் பொங்கினால் பாத்திரத்தை இறக்குவோம் இல்லையா, அவளும் அதைத்தான் செய்யப் போனாள். பிடிதுணியோடு வாணலியின் காதைப் பிடித்து அசைத்தாள். எண்ணெய் அலைந்து அவள் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரைக்கும் ஊற்றியது. அவள் கத்தவில்லை. பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன். எம்.எஸ்ஸி. படித்தவன். வருஷா வருஷம் பள்ளியில் தீயணைப்புத் துறை வந்து செய்துகாட்டும்போது முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன். எரிகிற எண்ணெயில் ஊற்ற ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"கீழ வைங்க அத," என்றாள் மனைவி. என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, குனிந்து சிலிண்டர் ரெகுலேட்டரை மூடினாள். படையலுக்கு வைத்திருந்த தாம்பாளத்தை எடுத்து வாணலிமேல் கவிழ்த்தாள். தீ ஓரத்தில் கொஞ்ச நேரம் நாக்கு நீட்டிவிட்டு அடங்கியது. மொத்தமும் ஒரு நிமிஷம் இருக்காது. பாயசம் மட்டும் அடி பிடித்திருந்தது.

பெண்ணின் கையைக் குழாயடியில் பிடித்தோம். புகை வாசனைக்கு எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். பேஸ்ட் தடவச் சொன்னார், இட்லி மாவு வைக்கச் சொன்னார். "தண்ணிதான் ஆன்ட்டி, வேற எதுவும் வேணாம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது என் பெண்தான். அந்த அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா, தேங்கா எண்ணெய்லயா சுட்டீங்க?"

"எங்க வூட்ல ஏதுக்கா தேங்கா எண்ணெய்ல சுடறது? இவ தலைல வெச்சிருக்கா," என்றாள் மனைவி.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆட்டோ பிடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மருந்து வைத்துக் கட்டிய டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். என் பெண் என்னையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, "நான்தான் மாவுல தண்ணி ஜாஸ்தி விட்டுட்டேன் டாக்டர்," என்றாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த மனைவி, "மாவ நான் பாத்திருக்கணும்," என்றாள். நான் பில் கட்டுகிற இடம் எங்கே என்று நர்ஸைக் கேட்டேன்.

ஆழமான காயம் இல்லை, ஆறிவிடும், தழும்பு கொஞ்சம் இருக்கலாம் என்றார்கள். அன்று படையல் இலையில் வடை இல்லை. அண்ணன் படத்துக்கு முன்னால் அடிபிடித்த பாயசத்தோடு கும்பிட்டோம். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. கை ஆறட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நானே அதற்குப் பதில் சொன்னேன்.

அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு எனக்கு வேண்டியதுதான். பெண் சமையல்கட்டுப் பக்கமே போகவில்லை. டீ சூடாக்குவது என்றாலும் அம்மாவைக் கூப்பிட்டாள். குக்கர் விசில் அடித்தால் தோள் குலுங்கியது. நல்ல எண்ணெய் கொடுத்து அவள் உயிரைக் காப்பாற்றப் புறப்பட்டவன், அடுப்பைப் பார்த்தே பயப்படுகிற பெண்ணாக அவளை ஆக்கி வைத்திருந்தேன். தூக்கில் மீதி எண்ணெய் அப்படியே இருந்தது. கொட்டிவிட வாய்ப்புப் பார்த்தேன். சமையல்கட்டில் மனைவி இல்லாத நேரமே கிடைக்கவில்லை. அவள் அதில்தான் கடுகு தாளித்தாள், அந்தக் கொஞ்ச எண்ணெயில் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை போலிருக்கிறது; தாளிக்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வந்தார். பை நிறையக் கொய்யா. மருமகளின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். நடந்ததைக் கேட்டார். மாவில் தண்ணீர் ஜாஸ்தி என்று மனைவி சொன்னதை அவர் ஏற்கவில்லை.

"தண்ணி ஜாஸ்தின்னா வெடிக்கும்மா, தெறிக்கும். பால் மாதிரி ஏன் பொங்குது? எங்க, அந்தத் தூக்க எடு."

தூக்கு வந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தார். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மறுபடி முகர்ந்தார். முகம் மாறியது.

"கலந்துட்டான்."

"யாருண்ணா?"

"மில்லுக்காரன். அதே மிஷின்லதான் கொப்பரையும் ஆட்றான். தொடைக்காம கொள்ளாம நம்முள்ளத ஆட்டிருக்கான். பத்து வருஷமா அவன்கிட்ட குடுக்கறேன். புள்ள கை வெந்திருக்கு பாரு." தூக்கை மூடிக் கையில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "இத எடுத்துனு போயி அவன் மில்லு வாசல்லயே ஊத்தி, நாலு பேர கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்றேன்."

"உக்காருங்க மச்சான்," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்ள. உங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"மில்லுக்காரர் கலக்கல. நான்தான் கலந்தேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, பாட்டில், பாதிக்குப் பாதி. சொல்லும்போதே அது எவ்வளவு மடத்தனமாக இருந்தது என்று என் காதுக்கே கேட்டது. மச்சான் தூக்கைக் கீழே வைத்தார்.

"தேங்கா எண்ணெயும் மல்லாட்ட எண்ணெயும் சேந்தா பொங்கும்னு பால்வாடிக்குப் போற புள்ளைக்குத் தெரியும் மாப்ள."

"எனக்குத் தெரியாது மச்சான்."

"கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா விடமாட்டாளேன்னுதான்."

மனைவி அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எட்டு நாளா இவ, எம்மேலதான் தப்பு, எம்மேலதான் தப்புன்னு அழுதா. நீங்க பக்கத்து ரூம்லதான இருந்தீங்க," என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

பெண் எழுந்து தன் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கட்டின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். கையைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்தேன்.

"கை ஆறிடும்ப்பா," என்றாள். "நீங்க என்ன அப்படிப் பாக்கறதுதான் எனக்குப் பிடிக்கல."

"எப்படி?"

"பெரியப்பா போட்டோவப் பாக்கற மாதிரி. நான் சாப்டா பாக்கறீங்க, தூங்குனா வந்து நின்னு பாக்கறீங்க. எனக்குத் தெரியும், நான் முழிச்சிக்கினுதான் இருப்பேன். நீங்க பாக்கறதப் பாத்தா நான் செத்துடுவேன்னு எனக்கே தோணுது."

"பாக்கல இனிமே," என்றேன். "பாருங்க. சாதாரணமாப் பாருங்க," என்றாள்.

சாதாரணமாகப் பார்ப்பது எப்படி என்று ஒரு மாசம் பழகினேன். சொல்லச் சிரிப்பாக இருக்கும். அவள் சாப்பிடும்போது நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "பேப்பர தலைகீழா புடிச்சிருக்கீங்க," என்று ஒருநாள் மனைவி சொன்னாள். பிடித்திருக்கவில்லை, சும்மா சொன்னாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவள் என்னிடம் கேலியாகப் பேசியது அதுதான் முதல்முறை. சாயங்காலம் பெண்ணோடு நானும் நடந்தேன். பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலப் பாதையில் கால் வைக்க முடியாது என்பதால் அந்த நாட்களில் மட்டும் எங்கள் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தோம். அவள் பள்ளிக்கூடக் கதை சொன்னாள். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்காமல் கேட்டேன். பெரும்பாலும் பார்க்காமல்.

செப்டம்பரில் மறுபடி ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் எண் இறங்கியிருந்தது. நட்சத்திரம் போகவில்லை.

"பரவால்ல, நல்லா குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "ஆனா முழுசா சாப்பாட்டால மட்டும் சரியாகற விஷயம் இல்ல இது. உங்க அண்ணனுக்கு இருந்தது, உங்களுக்கு இருக்கு, பாப்பாவுக்கும் வந்திருக்கு. குடும்பத்துல வர்றது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பாத்துட்டு, வேணும்னா சின்ன டோஸ்ல மாத்திரை ஆரம்பிக்கலாம். அத போட்டுக்கினு நல்லா இருக்கறவங்க எத்தனையோ பேரு."

மூன்று மாசமாக எதை எண்ணெய் டின்னில் தேடிக்கொண்டிருந்தேனோ, அது என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருந்தது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்த கேள்வியைக் கேட்டேன்.

"பொரிக்கறதுக்கு எந்த எண்ணெய் டாக்டர்..."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். பெண் சிரித்துவிட்டாள்.

"இப்ப எதுல சமைக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"எங்க அண்ணன் நெலத்து மல்லாட்ட எண்ணெங்க," என்றாள் மனைவி.

"அதுவே போதும். கம்மியா ஊத்துங்க, புகைய விடாதீங்க, ஒரு தடவ பொரிச்ச எண்ணெய மறுபடி காய்ச்சாதீங்க. மாசத்துல ஒரு நாள் வடை சாப்பிடட்டும்."

அவ்வளவுதான். ஆறு வாரம் பஸ்ஸில் போனதற்கும், வந்ததற்கும், ஆசிரியர் அறையில் கெடுத்துக்கொண்ட பேருக்கும், அவள் கைத்தழும்புக்கும் விடை இந்த இரண்டு வரி. இதை ஜூனிலேயே கேட்டிருந்தால் அவர் ஜூனிலேயே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எண்ணெய் என்று காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

மகாளய அமாவாசைக்கு மறுபடி படையல். வடை யார் சுடுவது என்று நான் கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை. காலையில் பெண் தானாகவே குளித்துவிட்டு வந்து வாணலியை எடுத்தாள். என்னை மொட்டைமாடிக்குப் போகச் சொன்னார்கள். சமையல்கட்டு வாசலில்கூட நிற்கக் கூடாதாம். போனேன். மேலே நின்று கீழே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெயில் வடை விழுகிற சத்தம் கேட்டது. அது மாறவில்லை. இரண்டாவது ஈடு. அதுவும் மாறவில்லை. மூன்றாவது ஈடு போடும்போதுதான் மாடியின் கைப்பிடிச் சுவரை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது.

இலையில் சோறும் வடையும் வைத்துக் காக்கைக்குப் போட மூன்று பேரும் மாடியில் நின்றோம். கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தோம். எதிர்வீட்டுத் தொட்டிமேல் இரண்டு காக்கை உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தன, வரவில்லை. மணி ஒன்று. காக்கை தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

"அதுங்களுக்கும் ரிப்போர்ட் வந்திருக்கும்," என்றாள் மனைவி.

"இல்லம்மா. அப்பா நின்னா கூச்சப்படுது. அப்பா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க, அது சாப்பிடட்டும்," என்றாள் பெண்.

நான் திரும்பி நின்றேன்.